ஏட்டில் உள்ள வாத்தியம் எங்கே?

மேனாட்டு இசைக்குழுவின் கடைசி வரிசையில் அமர்ந்து, மந்தர ஸ்தாயியில் முழங்கும் பெரிய பித்தளைக் குழலை ஊதுபவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. வயலின் வாசிப்பவரிடம் 250 ஆண்டுகளுக்கு முந்திய இசை ஏட்டைக் கொடுத்தாலும் அவருக்குக் கவலையில்லை. "வயலின்" என்று அதில் எழுதியிருக்கும். தம் கையிலிருப்பதை எடுத்து வாசித்துவிடுவார். டியூபா வாசிப்பவரின் நிலை அத்தகையதன்று. அவர் முன் வைக்கப்படும் ஏட்டில் ஒரு நாள் "செர்பெண்ட்" என்றிருக்கும். மறு நாள் "ஓஃபிக்ளைடு" என்றிருக்கும். பிறிதொரு நாள் "சிம்பாசோ" என்றிருக்கும். அவர் பல்லாண்டு பயின்ற கருவியின் பெயர் மட்டும் இராது. கேட்கப்படுவனவோ சாதாரணக் கடைகளில் கிடைப்பனவல்ல. அவர் என்செய்வார்? இச்சங்கடம் திருச்சபையின் இசை வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால், நம் குடும்பங்கள் அதைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நன்றென எண்ணுகிறேன்.

செர்பெண்ட் என்றால் சர்ப்பம். ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள மரக்குழல், பாம்பு போல் வளைந்து வளைந்து செல்லும். மேலே தோல் போர்த்தியிருக்கும். விரல் வைக்க ஆறு துளைகள் உண்டு. ஊதும் வாய் மட்டும் டிராம்போனுக்கு உள்ளது போன்ற கிண்ண வடிவம். பிரான்சு நாட்டின் ஒசேர் நகரப் பேராலயத்தைச் சேர்ந்த எத்மே கியோம் என்னும் குருவானவர் 1590-ஆம் ஆண்டளவில் இதைக் கண்டுபிடித்தார் என்று, அந்நகர வரலாற்றை எழுதிய லெபெஃப் என்ற குரு 1743-இல் குறித்து வைத்தார். எதற்காக இக்கருவி? பாடற்குழுவில் ஆண்கள் கிரகோரியன் இசையைப் பாடும்போது, அவர்கள் குரல் தளர்ந்து சுருதி இறங்கிவிடாமல் அடியிலிருந்து தாங்கிக்கொள்வதற்காக. இதன் ஒலி மனிதக் குரலோடு குழைந்து நிற்கும். ஏதேன் தோட்டத்தில் நம் முதற் பெற்றோரைக் கெடுத்ததன் பெயர் பெற்ற ஒன்று, பிரான்சு நாட்டு ஆலயங்களில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திருவழிபாட்டுக்குத் துணை நின்றது என்பது வேடிக்கைதான்!

மரப்பாம்புக்குப் பின் பித்தளைப் பாம்பு வந்தது. ஹலாரி என்று அறியப்பட்ட பாரிஸ் நகர வாத்தியத் தொழிலாளர் ழான் இலேர் அஸ்தே, 1821-இல் காப்புரிமை பெற்ற கருவிதான் ஓஃபிக்ளைடு. குருமடத்தில் கிரேக்கம் பயின்றோர்க்கு இப்பெயர் உடனே விளங்கும்: "ஓஃபிஸ்" என்பது பாம்பு, "கிளெய்ஸ்" என்பது சாவி. துளைகளை விரலால் மூடுவதற்குப் பதிலாகச் சாவிகளால் மூடித் திறப்பதால் அப்பெயர். பின்னர் 1835-இல் பெர்லின் நகரில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் ஐந்து வால்வுகள் பொருத்திய டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். அது பலத்த ஒலியுடையது. சுருதி சேர்ப்பதும் எளிது. சில பத்தாண்டுகளில் முன்னிரண்டையும் அது பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட பேரிசைகள் அழியவில்லை. அவற்றின் ஏடுகளில் பழைய பெயர்கள் அப்படியே நிற்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெர்லியோஸ் 1830-இல் இயற்றிய "சிம்ஃபனி ஃபன்டாஸ்டிக்" ஒரு நல்ல சான்று. அதன் இறுதிப் பகுதியில் "தியெஸ் ஈரே" என்ற இலத்தீன் கீதத்தின் மெட்டு வருகிறது. 1970-ஆம் ஆண்டின் புதிய திருப்பலிப் புத்தகம் வரும்வரை மரித்தோர் பூசையில் பாடப்பட்டுவந்த, நடுத்தீர்வை நாளைப் பற்றிய கீதம் அது. பெர்லியோஸ் முதலில் அந்த மெட்டுக்குச் செர்பெண்டையும் ஓஃபிக்ளைடையும் கேட்டிருந்தார். செர்பெண்டின் மேல் அவருக்கு மதிப்பு இருந்ததா என்றால், இல்லை. அதன் ஒலி காட்டுமிராண்டித்தனமானது என்றும், "தியெஸ் ஈரே" பாடும் மரித்தோர் பூசைக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் தம் வாத்திய நூலில் எழுதிவைத்தார். அந்தக் கரகரப்பை அவர் வேண்டுமென்றே கேட்டிருக்கிறார். மெருகேறிய இரண்டு டியூபாக்களால் அம்மெட்டை வாசித்தால் ஒலி உருண்டு திரண்டு அழகாகவே வரும். ஆனால் இசையமைப்பாளர் அங்கு நாடியது அழகை அன்று, அச்சத்தை.

வெர்டியின் "ரெக்வியம்" வேறு விதமான சோதனை. எழுத்தாளர் மன்சோனி இறந்த ஓராண்டு நிறைவில், 1874 மே 22 அன்று மிலான் நகரப் புனித மாற்கு ஆலயத்தில் அது முதன்முறையாக ஒலித்தது. ஏட்டில் மூன்று டிராம்போன்களுக்குக் கீழே ஓஃபிக்ளைடு எழுதப்பட்டுள்ளது. வெர்டியின் பல இசைநாடகங்களிலோ அந்த இடத்தில் "சிம்பாசோ" என்றிருக்கும். இது என்ன புதுப் பெயர் என்று ஆராய்ந்தவர்கள், "கோர்னோ இன் பாசோ" என்ற இத்தாலியச் சொற்றொடரைச் சுருக்கி எழுதிய எழுத்தர்களின் கைவண்ணம் என்கிறார்கள். காலப்போக்கில் வெவ்வேறு கருவிகள் அப்பெயரைச் சுமந்தன. இன்று சிம்பாசோ என விற்கப்படுவது வால்வு பொருத்திய பெரிய டிராம்போன் வகை. வெர்டி எதிர்பார்த்தது டிராம்போன்களோடு ஒட்டி நிற்கும் மெலிந்த ஒலி. அகன்ற வாயுடைய பெரிய டியூபாவை அங்கே கொண்டுபோய் வைத்தால், டிராம்போன்கள் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாகப் பிரிந்து கேட்கும். மெல்லப் பாடவேண்டிய இடங்களில் இறந்தோர்க்காக மன்றாடும் பாடகர் குரல் அமுங்கிப்போகும் அபாயமும் உண்டு. ஒரு கருவியைத் தவறாகத் தேர்ந்தால், நூறு பேர் பாடும் மன்றாட்டே மறைந்துபோகலாம்.

பெயர்களை நம்பவே கூடாது என்பதற்கு "டியூபா" என்ற சொல்லே போதும். இலத்தீன் விவிலியத்தில் அது எக்காளத்தைக் குறிக்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15-ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் சொல்லும் இறுதி எக்காளம் அங்கே "டியூபா"தான். மோட்சார்ட் 1791-இல் எழுதத் தொடங்கி முடிக்காமலே மரித்த "ரெக்வியம்" இசையில், "டியூபா மீரும்" என்ற பகுதியின் தனி வாசிப்பு டிராம்போனுக்குரியது. வெர்டியோ அதே பகுதிக்கு மேடையில் நான்கு, மறைவில் நான்கு என எட்டு டிரம்பெட்டுகளை வைத்தார். வாக்னர் தம் இசைநாடகங்களுக்கென உருவாக்கிய "வாக்னர் டியூபா"வை வாசிப்பவர்களோ டியூபாக்காரர்கள் அல்லர், கொம்பு வாசிப்பவர்கள். புனித ஃப்ளோரியன் மடத்தில் ஆர்கன் வாசித்த பக்திமானாகிய புரூக்னர், தம் 7-ஆம் சிம்ஃபனியில் வாக்னரின் நினைவாக அக்கருவிகள் நான்கைச் சேர்த்தார்.

ஆகவே விவரமறிந்த வாத்தியக்காரர் ஏட்டிலுள்ள பெயரைப் பார்த்தவுடன் கடைக்கு ஓடுவதில்லை. அவ்விசை எந்த ஆண்டில், எந்த ஊரில் எழுதப்பட்டது, அங்கே அந்நாளில் யார் எதை வாசித்தார்கள் என்று முதலில் விசாரிக்கிறார். பிறகு ஏட்டின் ஸ்வரங்களை மேலும் கீழுமாக அளந்து பார்க்கிறார். ராவெல் 1922-இல் இசைக்குழுவுக்கு அமைத்த "கண்காட்சிச் சித்திரங்கள்" என்ற படைப்பில் மாட்டுவண்டியைக் காட்டும் இடம் ஒன்றுண்டு. அங்கே டியூபா ஏறும் உயரத்தைக் கண்டால், அது பிரெஞ்சு நாட்டில் அன்று வழங்கிய சிறிய டியூபாவுக்கு எழுதியது என்று தெரிந்துவிடும். ஆதலால் பலர் யூஃபோனியத்தால் அதை வாசிக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் மடியிலணைத்து ஊதுகிறார்களே, அந்தக் கருவிதான். இதற்கு மாறாக, பார்டோக்கின் 1943-ஆம் ஆண்டு "கான்சர்ட்டோ"வில் டிராம்போன் கீழிருந்து மேலே ஒரே இழையாக வழுக்கிச் செல்லும் ஓரிடம் உண்டு. அன்றிருந்த ஒரு வகை டிராம்போனில் அது இயல்பாக வரும். இன்றைய கருவியில் பலவித உபாயங்கள் செய்தாக வேண்டும்.

பணமும் ஒரு பொருட்டே. வருடத்தில் ஒரு முறை வாசிக்க ஒரு புதுக்கருவி வாங்க எத்தனை பேரால் இயலும்? இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் ஓஃபிக்ளைடின் சாவிகள் டியூபாவின் வால்வுகளைப் போன்றவையல்ல. விரல்கள் மாதக்கணக்கில் புதிதாகப் பழகவேண்டும். பத்து நாள் பயிற்சியோடு சுருதி தப்ப வாசிக்கப்படும் உண்மையான ஓஃபிக்ளைடைவிட, ஒலியை அடக்கி வாசிக்கும் சிறிய டியூபாவே மேல் என்பது என் துணிபு. அந்த முடிவை இசை நடத்துநரைக் கலந்து, ஒத்திகைக்கு வெகு முன்பே எடுத்துவிட வேண்டும்.

வழக்கொழிந்தவை மீண்டு வருவதும் உண்டு. இங்கிலாந்தின் கிறிஸ்டபர் மங்க் (1921–1991) செர்பெண்டுகளைத் தாமே செய்து, வாசித்து, பிறருக்கும் கற்பித்தார். 1991-இல் ஜான் எலியட் கார்டினர், பெர்லியோசின் அதே சிம்ஃபனியைப் பழைய கருவிகளைக் கொண்டு, அது முதன்முதலில் ஒலித்த பாரிஸ் மண்டபத்திலேயே ஒலிப்பதிவு செய்தார். "தியெஸ் ஈரே" மெட்டை அதில் செர்பெண்டும் ஓஃபிக்ளைடும் வாசிக்கக் கேட்கலாம்.