எந்த விரல் மரத்துப் போகிறது?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை எல்லாம் அங்கே தயாராகின்றன.

வேக வைப்பது சூளை. அச்சில் வார்ப்பதும், பிசிறு சீவுவதும், வர்ணம் தீட்டுவதும் கை.

நாள் முழுவதும் ஒரே அசைவு. கை வலிக்காமல் என்ன செய்யும்? வலித்தால், "வாயு" என்று தைலம் தேய்ப்பார்கள். பாவம், வாயுவின் மேல் எத்தனை பழி!

தூக்கத்தை கெடுக்கும் வலி

மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதன் வழியே 9 தசை நாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அங்கே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும்.

அப்போது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவை மரத்துப் போகும். மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டு விரல் தப்பி விடும். நள்ளிரவில் வலி எழுப்பும். கையை உதறினால் சற்றுச் சுகம்.

கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். முற்றினால் சிறு ஆபரேஷன். அசட்டையாக இருந்தாலோ, கட்டை விரலின் அடிச்சதை வற்றி விடும். பொத்தான் போட வராது. தூரிகை பிடிக்க வராது. கைத்தொழில் செய்பவருக்குப் பிழைப்பே போய்விடும்.

சுண்டு விரல் மரத்தால், பெரும்பாலும் கோளாறு முழங்கையில்!

தாய்மாருக்கு வரும் வலி

மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம் மட்டும் வலிக்கிறதா? கட்டை விரலை உள்ளே வைத்து விரல்களை மூடுங்கள். கையைச் சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுரீர் என்றால், அது தசை நாண் உறையின் வீக்கமாக இருக்கலாம். 1895-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் டி கெர்வைன் இதை விவரித்தார். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மாருக்கும் இது வரும். கைக்கு ஓய்வு தர வேண்டும். (மாமியார்கள் கவனிக்க!)

காலையில் இரு கைகளும் விறைத்து, விரல் கணுக்கள் வீங்கி, சரியாக ஒரு மணி நேரம் ஆகிறதா? முடக்குவாதமாக இருக்கலாம். தாமதித்தால் மூட்டு அரிக்கும்.

கையை ஊன்றி விழுந்த பின் வலித்தால் உருவி விடக் கூடாது. முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

இடக்கை வலியோடு நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டினால், விரலைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.