‘கம்பேர்’ என்னும் வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘கம்பேர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. இலத்தீன் மொழியில் ‘சமம்’ எனப் பொருள்படும் ‘பார்’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. தமிழின் ‘பார்’ என்னும் வினைக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி மட்டுமே ஒன்று. வகுப்பறையில் நாள்தோறும் கேட்கும் இச்சொல்லைத் தமிழாக்கும்பொழுது மாணவர் பலர் இடறுகின்றனர். ஒரு சொல்லாக நின்று இரு தொழில் செய்வதே அதற்குக் காரணம்.

விடுமுறைக்கு ஊர் சென்ற சிறுமியைத் தழுவிக்கொண்டு, “முகம் நிலவு போல இருக்கிறதடி” என்கிறார் பாட்டி. மதிப்பெண்களைக் கேட்டறிந்த மாமா, “உன் அக்காள் இந்த வகுப்பில் எத்தனை வாங்கினாள் தெரியுமா?” என்கிறார். இரண்டு செயலையும் ஆங்கிலம் ‘கம்பேர்’ என்றே குறிக்கும். முன்னது ஒற்றுமையை மட்டும் காண்பது. தமிழில் அது உவமித்தல். பின்னது இருவரை அருகருகே நிறுத்தி ஏற்றத்தாழ்வை அளப்பது, அது ஒப்பிடுதல். சிறுமியின் முகம் முதலில் மலர்ந்து பிறகு வாடியதும் இவ்வேறுபாட்டால்தான்.

உவமித்தலுக்கு ‘டு’ என்னும் இடைச்சொல்லையும், ஒப்பிடுதலுக்கு ‘வித்’ என்பதையும் சேர்ப்பது ஆங்கிலத்தின் பழைய மரபு. தமிழிலும் இதற்கு இணையுண்டு: முகத்தை நிலவுக்கு உவமிப்பர், ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றோடு ஒப்பிடுவர். இக்கால ஆங்கிலத்தில் அவ்விரண்டும் பெரிதும் மயங்கி வருவதால், இடைச்சொல்லை மட்டும் நம்பாமல் தொடரின் கருத்தை நோக்க வேண்டும். ‘லைக்கன்’ என்னும் வினையில் இம்மயக்கம் இல்லை. அஃது உவமித்தலுக்கே உரியது, ‘டு’வையே ஏற்கும். உவமைக்கெனத் தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் தனி இயலே வகுத்துள்ளது.

தேர்வுத்தாளில் வரும் ‘கம்பேர்’ பெரும்பாலும் ஒப்பிடுதலே. ‘யமுனையையும் காவிரியையும் ஒப்பிடுக’ என்றால், யமுனைக்கு ஒரு பத்தி, காவிரிக்கு ஒரு பத்தி எனத் தனித்தனியே எழுதுவது விடையாகாது. ஒரே அளவுகோலை இரண்டிற்கும் வைத்தல் வேண்டும். யமுனை இமயத்தின் யமுனோத்திரியில் பனியுருகிப் பிறக்கிறது. காவிரியோ குடகு மலையில் தோன்றி மழையால் பெருகுகிறது. ஏறத்தாழ 1,376 கிலோமீட்டர் ஓடும் யமுனை, சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் காவிரியைக் காட்டிலும் நீளமானது. ஆயினும் யமுனை பிரயாக்ராஜில் கங்கையோடு கலந்துவிடுகிறது. காவிரி பூம்புகாரில் தானே கடலை அடைகிறது.