நீர்மகள் பெற்ற ஆன்மா

பொய்யென்று அறிந்தே படிக்கத் தொடங்கும் ஒரு கதை, படித்து முடிக்குங்கால் நம் கண்களைக் கலங்கச் செய்கின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது? வியப்பு மிக்க காதற்கதைகள் சிறுவர்க்கும் சோம்பேறிகளுக்குமே உரியன என்று ஒதுக்குவோர் நம் கல்லூரியிலும் உளர். அவரோடு வழக்காடுதல் என் கருத்தன்று. ஒரு சிறு நூலை எடுத்துக்கொண்டு, அதன்கண் இன்பம் எவ்விடத்துப் பிறக்கின்றது என்று நோக்குதலே போதும்.

அந்நூல் 1811ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழியில் வெளிவந்த 'உந்தீன்' என்பது. அதனை இயற்றியவர் பிரெடரிக் தெ லா மோத் ஃபூக்கே என்னும் பிரபு. 1777இல் பிராண்டன்பர்க்கு நகரிற் பிறந்த இவர், தம் சமயத்தின் பொருட்டுப் பிரான்சு தேசத்தைவிட்டு நீங்கிய புரொட்டஸ்டண்டுக் குடியினரின் வழித்தோன்றல், படைத்தொழில் பயின்றவர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவர், நீர், நிலம், தீ, காற்று ஆகிய பூதங்களில் உறையும் உயிர்களைப்பற்றி ஒரு நூல் எழுதினார். நீரில் உறையும் மகளிர்க்கு மனித வடிவும் அறிவும் உண்டு. அழியாத ஆன்மா மட்டும் இல்லை. மனிதன் ஒருவனை மணந்தால் அதனையும் பெறுவர் என்பது அவர் கூற்று. இவ்வொரு வித்திலிருந்தே ஃபூக்கே தம் கதையை வளர்த்தார்.

ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலக்கூற்றிற் கதை தொடங்குகின்றது. அதற்கும் நகரத்திற்கும் இடையே மனிதர் அஞ்சும் காடு ஒன்று உண்டு. அங்கு வாழும் முதிய மீனவனும் அவன் மனைவியும் தம் ஒரே குழந்தையை ஏரிக்குப் பறிகொடுத்துப் புலம்பியிருக்கையில், நீர் சொட்டச் சொட்ட வேறொரு பெண்மகவு அவர்கள் வாயிலில் வந்து நின்றது. அம்மகவே உந்தீன். வளர்ந்த பின்னும் அவள் குறும்பு அடங்கவில்லை. காட்டைக் கடந்து வந்த ஹுல்ட்பிராண்டு என்னும் இளவீரனை, அங்குக் கண்டவற்றைக் கூறுமாறு வற்புறுத்துகின்றாள். முதியவர் தடுக்கவே, இருளில் ஓடி மறைகின்றாள். பின்னர் அவன் நகரத்து மங்கையொருத்தியின் பெயரைச் சொல்லியபோது, அவன் கையைக் கடித்தும் விடுகின்றாள்! சீறுவதும் சிரிப்பதுமாகிய இப்பெண்ணை நாம் வெறுக்க இயலாது. ஓடைநீரை யார் கடிந்துகொள்வார்?

வெள்ளம் பெருகி அந்நிலம் தீவாகின்றது. வெள்ளத்தில் அலைப்புண்டு அங்கு வந்தொதுங்கிய ஹைல்மன் என்னும் குருவானவர் அவ்விருவருக்கும் திருமணம் நடத்திவைக்கின்றார். அன்றிரவு ஆன்மாவைப்பற்றிய பேச்சு எழ, உந்தீனின் விளையாட்டு திடுமென நின்றுவிடுகின்றது. ஆன்மா என்பது இனியதேயாயினும் பேரச்சம் தருவதன்றோ என்றும், அதனைப் பெறாதிருத்தலே நன்றன்றோ என்றும் வினவி அழுகின்றாள். மறுநாட் காலையில் எழுந்து வருபவள் வேறொருத்தி. வளர்த்தோர்க்கு நன்றி கூறுகின்றாள், வீட்டுவேலைகளைத் தானே செய்கின்றாள், மெல்லப் பேசுகின்றாள். ஒன்று மற்றொன்றாய்த் திரிதலாகிய ஆக்கத்தையும் மருட்கைக்கு ஒரு காரணமாகத் தொல்காப்பியர் எண்ணினார். நீர் பெண்ணானதை நோக்கிப் பிறக்கும் மருட்கை சிறிதே. குறும்புப்பெண் ஓரிரவில் அன்புடைய மனைவியானதை நோக்கிப் பிறப்பதே பெரிது.

என் மதிப்பில், இந்நூலின் இன்பம் பிறக்குமிடம் இதுவே. திருமணத்தால் ஆன்மா கிடைக்கும் என்பது நம் திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாது என்று சிலர் கூறக்கூடும். உண்மையே, எந்த ஞானோபதேச வினாவிடையிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் அதனைக் கொள்கையாகக் கொள்ளுமாறு ஆசிரியர் நம்மைக் கேட்கவில்லை; கதை நிகழ்வதற்கு ஒரு களமாகவே அமைக்கின்றார். நாம் பிறக்கும்போதே ஆன்மாவை உடையேம். ஆதலின் அதன் பாரத்தை உணரேம். பத்தொன்பது வயதளவும் மறைநூல் கேட்டு வளர்ந்தவர்க்கும் 'ஆன்மா' என்னும் சொல் பழகித் தேய்ந்த நாணயம்போல் ஆகிவிடுதல் இயல்பு. அதனைப் புதிதாய்ப் பெறும் ஒருத்தியின் நடுக்கத்தைக் காணுங்கால், நம்மிடமுள்ள பொருள் இத்தகையதோ என்ற திகைப்பு உண்டாகின்றது. நூறு அறிவுரைகள் செய்யமாட்டாத வேலையை அவள் அழுகை செய்துவிடுகின்றது.

இரண்டாவது காரணமும் ஒன்றுண்டு. நடவாத ஒன்றை முதலில் நம்புமாறு வேண்டிய ஆசிரியர், அதன்பின் தாம் வகுத்த சட்டத்தை ஓரிடத்தும் மீறுவதில்லை. நீரருகே கணவன் அவளைக் கடிந்து பேசினால், நீர்க்குலத்தார்க்கு அவள்மீது உரிமை உண்டாகும். அவன் வேறொருத்தியை மணந்தால், அவளே அவன் உயிரைக் கொள்ளவேண்டும். இவற்றை அறிந்த பின்னர்ப் படிக்கும் நமக்கு, ஒவ்வொரு ஆறும் கிணறும் அச்சம் தருகின்றது.

நகரத்து மங்கை பெர்டால்டா, பிரபுக் குடும்பத்தில் வளர்ந்தவளாயினும், ஏரியில் மறைந்த மீனவக் குழந்தையே ஆவாள். நன்மை என்றெண்ணி உந்தீன் அதனைப் பலர் நடுவே வெளியிடுகின்றாள். இழிவென்று கருதிச் சினந்த பெர்டால்டாவுக்குப் பின்னர்ப் புகலிடம் தருபவளும் உந்தீனே. ஒரே மாளிகையில் மூவரும் வாழ, வீரனின் மனம் மெல்ல மெல்லத் திரிகின்றது. இப்பகுதியை விரித்துரைக்க மனமின்றி, வாசகரிடம் பொறுத்தல் வேண்டி ஆசிரியர் விரைந்து செல்கின்றார். இவ்வடக்கம் போற்றத்தக்கது. உந்தீனின் சிற்றப்பன்போல வரும் கூலபோர்ன் என்னும் நீர்ப்பூதத்தை மட்டும் அவர் வேண்டுவதற்கு மிகுதியாகவே நம்முன் நிறுத்துகின்றார் என்பேன்.

தானியூப் ஆற்றில் மூவரும் படகிற் செல்லுங்கால், பெர்டால்டாவின் பொன்னாரத்தை நீரிலிருந்து எழுந்த ஒரு கை பறித்துச் செல்கின்றது. உந்தீன் உடனே நீரிற் கைவிட்டு, அழகிய பவளமாலையொன்றை எடுத்து அவளுக்கு நீட்டுகின்றாள். ஹுல்ட்பிராண்டு அதனைப் பிடுங்கி ஆற்றில் எறிந்து, மனைவியைச் சூனியக்காரி என்று ஏசிவிடுகின்றான். ஒரு சொல்! அது நீரின்மேற் சொல்லப்பட்டுவிட்டது. அவள் அழுதுகொண்டே படகின் விளிம்பைக் கடந்து ஆற்றோடு கலந்துவிடுகின்றாள். அவன் வருந்தியும் பயனில்லை. இல்லத்தில் நாள்தோறும் நாம் வீசும் கடுஞ்சொற்கள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. இக்கதையிலோ அச்சொல்லுக்கு உடனே விலை கேட்கப்படுகின்றது.

இந்நூலைச் சுவைத்தோர் பலர். ஹாப்மன் என்பார் இதனை இசைநாடகமாக்க, அது 1816இல் பெர்லினில் அரங்கேறியது. ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக் கதையிலும் அழியா ஆன்மாவை வேண்டி ஏங்கும் ஒருத்தியையே காண்கின்றோம். ஆனால் ஆண்டர்சனின் கன்னி அதனைத் திருமணத்தாற் பெறவில்லை. லூயிசா மே ஆல்காட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1868இல் வெளியிட்ட புதினத்தின் தொடக்கத்திலேயே, வறிய வீட்டுப் பெண் ஜோ, தன் கையிலுள்ள ஒரு டாலரைக்கொண்டு 'உந்தீன்' வாங்க ஆசைப்படுகின்றாள். பின்னர் அதனை விடுத்துத் தாய்க்குக் காலணி வாங்க முற்படுகின்றாள். புத்தக ஆசையை விடுவது எத்துணை அரிது என்பதை விடுதி மாணவர் அறிவர்.

நிற்க. ஹுல்ட்பிராண்டு பெர்டால்டாவை மணக்கத் துணிகின்றான். குருவானவர் ஹைல்மன் அதனை நடத்த மறுக்க, வேறொரு குரு நடத்துகின்றார். அன்றிரவு பெர்டால்டா, தன் முகத்துப் புள்ளிகளை நீக்கவல்ல நீரை விரும்பி, முன்பு உந்தீன் மூடுவித்த கிணற்றின் கல்லைப் பெயர்க்கச் செய்கின்றாள். வெண்ணிற நீர்த்தூண்போல் எழுந்த முக்காடிட்ட பெண்ணுருவம் அழுதவண்ணம் மாளிகைக்குள் நடந்து சென்று, வீரனின் அறைக்கதவை மெல்லத் தட்டுகின்றது. அவள் முகம் கோரமாகியிருக்குமோ என்று அவன் அஞ்சுகின்றான். முக்காட்டை நீக்குகின்றாள், பண்டைய அழகே அங்கிருக்கின்றது. அவனை முத்தமிட்டுத் தழுவி, தன் கண்ணீர் அவன் கண்களுட் புகுந்து நெஞ்சை நிறைக்கும்வரை அழுகின்றாள். உயிர் நீங்கிய அவனை மஞ்சத்திற் கிடத்திவிட்டு வெளியேறுங்கால், தான் அவனை அழுதே கொன்றதாக ஏவலரிடம் கூறுகின்றாள். ஆன்மா பெற்றிராவிடில் அவள் அழுதிராள் என்பதை நினைவிற்கொண்டே இப்பக்கத்தைப் படித்தல் வேண்டும்.

அடக்கத்தின்போது துயருறுவோர் நடுவே வெள்ளுடை அணிந்த ஓர் உருவம் காணப்படுகின்றது. எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்தபோது அவ்வுருவம் இல்லை. அது முழந்தாளிட்ட இடத்திலிருந்து ஒரு சிற்றூற்றுக் கிளம்பிக் கல்லறையைச் சுற்றி ஓடி, அருகேயுள்ள குளத்தில் விழுகின்றது. பிற்காலத்திலும் அவ்வூரார் அச்சிற்றோடையைக் காட்டி, உந்தீன் தன் கணவனை இன்னும் தழுவியிருக்கின்றாள் என்று சொல்லிவந்தனராம்.