இராமானுசன் கண்ட காட்சி

கணித மேதை இராமானுசன் 1887-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். அதே கொங்குநாட்டு நாமக்கல்லில் கோயில்கொண்ட நாமகிரித் தாயார் கனவில் தமக்கு வாய்பாடுகளை உணர்த்துவதாக அவர் கூறிவந்தார். துயிலெழுந்ததும் அவற்றைக் குறித்து விரைவிற் சரிபார்ப்பார் என்று அவரை நன்கறிந்த சேசு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதியுள்ளனர். இச்செய்தியை அருட்செயல் எனப் போற்றுவோரும் புனைந்துரை எனத் தள்ளுவோரும் உளர். நாம் இதனை அகக்காட்சி பற்றிய சான்றாகக் காண விழைகின்றோம்.

அகக்காட்சியின் தெளிவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும் என்பதை 1880-இல் கால்ட்டன் வினாநிரல் கொண்டு ஆராய்ந்து காட்டினார். எண்களை மனத்துள் வடிவும் இடமும் உடையனவாகக் காண்போரும் அவருக்குக் கிடைத்தனர். அத்தெளிவு மிகுவது நன்மையே என்று கொள்ளற்க. உருசிய உளநூலார் லூரியா நெடுங்காலம் ஆராய்ந்த செரசெவ்சுக்கி என்பார்க்கு ஒவ்வொரு சொல்லும் நிறமும் சுவையுமாக எழுந்து நின்றது. அவர் எதனையும் மறவார். ஆயினும் உருக்கள் இடைப்புகுந்து மறித்தலின் செய்யுளின் பொருள் அவருக்கு எட்டுவது அரிதாயிற்று. மறத்தற்பொருட்டு அவர் நினைவுகளைத் தாளில் எழுதி எரித்தும் பார்த்தாராம்!

இராமானுசன் நிலை வேறு. தாளின் விலை மிகுதியால் அவர் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். வழி அழிந்தது, முடிவே நின்றது. பிறர்க்கு அம்முடிவு திடீரெனத் தோன்றிய காட்சியாகப் பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1729 என்னும் எண்ணை இருவகையில் இரு முப்படிகளின் கூட்டுத்தொகையாக்கலாம் (1, 12; 9, 10) என்று மருத்துவமனையில் ஆர்டியிடம் நொடியிற் கூறியதும் அத்தகையதே. இங்கிலாந்து செல்லுமுன்னரே முப்படிகளின் கூட்டல் பற்றி இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் வினா விடுத்துள்ளார். நெடுநாட் பழகிய எண்ணே அன்று முன்வந்து நின்றது என்க.

சைவ அளவைநூலார் ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே அளவையாகக் கொள்வர். இவ்வரையறை ஈண்டு நன்கு பொருந்துகின்றது. 1913-இல் ஆர்டிக்கு எழுதிய மடல்களில் வியத்தகு வாய்பாடுகளோடு பகாவெண்கள் பற்றிய கூற்றுகளும் இருந்தன. அவற்றுட் சில பிழையாயின. இரண்டையும் அவர் ஒரே உறுதியுடன்தான் எழுதியிருந்தார்.