வேட்டை நாய்க்குட்டியும் வீட்டுக் கோழியும்

கரிசல் பகுதிகளில் தோட்டக் காவலுக்கென்று சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் இன நாய்களை வளர்க்கும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். காவலில் இவற்றைக் குறை கூற முடியாது. ஆனால் குட்டி வளர்ந்து ஓட்டம் பிடிக்கும் பருவத்தில், ஒரு நாள் காலையில் முற்றமெங்கும் கோழி இறகு சிதறிக் கிடக்கும். முட்டையிடும் நான்கு கோழிகள் போனால் வீட்டுப் பெண்களின் கைச்செலவுப் பணம் போயிற்று. அடுத்த வீட்டுக் கோழியென்றால் சண்டை வேறு. முடிவில் நல்ல நாய் ஒன்று தெருவில் விரட்டப்படும். "நாயை வைத்துக்கொள்வதா, கோழியை வைத்துக்கொள்வதா?" என்று என்னைக் கேட்ட விவசாயிகள் உண்டு. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் என்ன?

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் இனங்கள். படபடவென்று சிறகடித்து ஓடும் கோழியைத் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். திருட்டுப் புத்தி அன்று. எனவே கோழி ஓடினாலும் அசையாமல் நிற்கக் குட்டிப் பருவத்திலேயே பழக்க வேண்டும்.

அமெரிக்காவில் பறவை வேட்டைக்கு நாய் பழக்குவோர் வீட்டிலேயே புறாவும் காடையும் வளர்க்கின்றனர். பறவை எழும்பிப் பறந்தாலும் பாயாமல் நிற்க வேண்டும் என்பதே அங்கு நாய்க்குக் கற்பிக்கப்படும் முக்கியப் பாடம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கௌதாரி, காட்டுக் காடை, மயில் முதலியவற்றை வேட்டையாடுவது குற்றம். நாயை ஏவிப் பிடிப்பதும், பிடித்து வந்து வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமே. ஆகவே பழக்குவதற்கு நம் வீட்டுக் கோழியே போதும்.

பழக்கும் முறை

இரண்டு மாதக் குட்டியிலிருந்தே தொடங்கலாம். வளர்ந்த கோழிகள் இரண்டு மூன்றைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நிழலில் வைத்துத் தண்ணீரும் வைக்க வேண்டும். குட்டியைக் கயிற்றில் பிடித்துப் பத்தடி தூரத்தில் நிறுத்த வேண்டும். கோழியைப் பார்த்துத் துள்ளினால் பேசாமல் சற்றுத் தள்ளி அழைத்துச் செல்க. கோழியை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்து, ஒரு துண்டு கருவாடோ இட்லியோ கொடுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும்.

குட்டி அமைதியானபின் நாளுக்குச் சிறிது நெருங்கலாம். பஞ்சாரத்தின் அருகிலேயே படுத்துவிடும் நிலை வந்ததும், கோழிகளைத் திறந்துவிட்டுத் தானியம் தூவ வேண்டும். அப்போதும் கயிறு கையில் இருக்கட்டும். அதன் பிறகே பதினைந்து அடி நீளக் கயிற்றுடன் முற்றத்தில் உலவ விடலாம். ஒரு வயது முடியும் வரை ஆள் இல்லாத நேரத்தில் கோழிகளுடன் தனியே விடாதீர்கள். குஞ்சுகள் உள்ள தாய்க்கோழியைப் பழக்கப் பயன்படுத்தக் கூடாது. அது குட்டியின் கண்ணைக் கொத்திவிடும்.

செய்யக் கூடாதவை

கோழியைக் காலைக் கட்டி நாயின் முன் போடுவது வதை, கடிக்கவும் பழக்கும். கோழியைக் கொன்று வெகுநேரம் கழித்து நாயை அடிப்பதால் பயனில்லை. எதற்கு அடி என்பது அதற்குப் புரியாது. செத்த கோழியையும் பச்சைக் குடலையும் நாய்க்கு எறியாதீர்கள். வெள்ளைக்கழிச்சலில் இறந்த கோழியை நாய் இழுத்துச் சென்றால் நோயும் பரவும். குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

மூன்று மாதம் நிறைந்ததும் குட்டிக்குக் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் நாளில் மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் தவறாமலும் போட வேண்டும்.

சில வாரப் பொறுமைதான் இதற்கு ஆகும் செலவு. கோழி மேயும் முற்றத்தில் நாய் படுத்துறங்கினால், அந்த வீட்டில் முட்டையும் தப்பும், காவலும் நிலைக்கும்.