மஞ்சள் நீரில் ஒரு பகல்

அவுஸ்திரேலியாவின் வடபுறத்தே, டார்வின் நகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது ககாடு வனப்பூங்கா. 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற இந்நிலம், இயற்கை வளத்துக்காகவும் மானிடப் பண்பாட்டுக்காகவும் ஒருங்கே போற்றப்படும் சில இடங்களுள் ஒன்று. செப்டெம்பர் மாதத்தில் ஒரு பகல் முழுவதையும் அங்கே கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

'மஞ்சள் நீர்' என வழங்கும் சதுப்பு வாவியிலே, கதிரவன் எழும் வேளையிற் படகு புறப்பட்டது. கரையெங்கும் தாழை, நீரெங்கும் தாமரை. நம் குளங்களில் மலரும் அதே தாமரைதான். அதன் இலைமீது இலைக்கோழியொன்று மெல்ல நடந்தது. கருமையும் வெண்மையும் கலந்த காட்டு வாத்துகள் சேற்றைக் கிளறிக் கிழங்கு தேடி ஆரவாரித்தன. கரையிற் கிடந்த மரக்கட்டையொன்று திடீரெனக் கண் திறந்தது. உவர்நீர் முதலை! தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பை எட்டிய இவ்வினம், 1971இல் அப்பிராந்தியத்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பின்னரே மீண்டும் பெருகிற்று.

நண்பகலில் வரட்ஜான் பண்பாட்டு நிலையத்தை அடைந்தேன். பன்றிமூக்கு ஆமையின் வடிவில் அமைந்த கட்டடம் அது. பழங்குடியினர் தம் கதையை அங்கே தாமே கூறுகின்றனர். வடபகுதியார் பினின்ஜ், தென்பகுதியார் முங்குய். அவர்தம் ஆண்டுக்குப் பருவங்கள் ஆறு. பெரும்பொழுதை ஆறாக வகுத்த நம் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இச்செய்தி உவகை தருமன்றோ? காற்றும் பூவும் புல்லுமே அப்பருவங்களுக்கு எல்லை வகுப்பன. பனிமூட்டம் எழும் யெக்கெ பருவத்தில் காட்டைச் சிறிது சிறிதாக எரிப்பர்; பின்னர் மூளக்கூடிய பெருந்தீயைத் தடுக்கும் உபாயம் அது. நான் சென்றதோ குர்ருங் என்னும் வறண்ட வெப்பகாலம். நீர் சுருங்கச் சுருங்க, எஞ்சிய வாவிகளிற் பறவைகள் திரளும். காலையிற் கண்ட காட்சியின் காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆயினும் என் நெஞ்சில் நிலைத்தது கூங்காரா என்னும் சிறுநிலத்தின் வரலாறே. யுரேனியம் பொதிந்திருந்தமையால், 1979இல் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டபோது அந்நிலம் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. அதற்கு உரியவர் ஜொக் குலத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ. சுரங்கத்துக்கு இசைந்திருப்பின் பெருஞ்செல்வம் அவரைச் சேர்ந்திருக்கும். அவரோ மறுத்தார், தம் முன்னோர் மண்ணைப் பூங்காவுக்கே அளிக்க முன்வந்தார். 2011இல் அது உலக மரபுரிமையோடு சேர்க்கப்பட்டது; 2013இல் சட்டத்தின்மூலம் பூங்காவோடு இணைந்தது.

பொருளின் முன்னே மண்ணின் மானம் நில்லாது என்பார் உளர். அவர்கள் கூங்காராவின் கதையை ஒருமுறை கேட்பாராக.