ஒரு கிளாஸ் ஜின் சவர்: கணக்கு என்ன?

ஜின், எலுமிச்சை, சர்க்கரை. ஜின் சவருக்கு இந்த மூணும் போதும். ஆனா அளவு தப்பினால் ருசியும் போச்சு, கணக்கும் போச்சு.

என்ன அளவு?
ஜின் 60 மி.லி., அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 30 மி.லி., சர்க்கரைப் பாகு 20 மி.லி. பாகுக்கு சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு எடுத்து, கரைத்து ஆறவிடுங்கள்.

எப்படிக் கலப்பது?
ஷேக்கர் இல்லையா? வாய் அகன்ற, மூடி இறுக்கமான பாட்டில் போதும். ஐஸ் போட்டு 15 விநாடி நன்றாகக் குலுக்கி, வடிகட்டுங்கள். உருகும் ஐஸ் தண்ணீர்தான் காட்டத்தைக் குறைக்கும்.

நுரை வேணுமா?
முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கணும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரிலும் நுரை வரும்.

எவ்வளவு ஆல்கஹால்?
42.8% ஜின் 60 மி.லி.யில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று கணக்கிடுகிறது. அப்படியென்றால் கையில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. கண்ணளவில் 90 மி.லி. ஊற்றினால் மூன்று. புளிப்பும் இனிப்பும் இருப்பதால் நாக்குக்கு அது தெரியாது.

வண்டி ஓட்டலாமா?
சட்டப்படி வரம்பு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். பலருக்கு ஒரே கிளாஸில் அது தாண்டிவிடும். அதனால் சாவியை எடுக்காதீங்க.